சோலார் ஆபீஸ் மாடிக்கா, ஆற்றங்கரை மோட்டாருக்கா?

எங்கள் நகராட்சியின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது: நகராட்சிக் கட்டடங்களில் சூரிய மின்சாரம் அமைப்பது. எங்கள் வார்டு கவுன்சிலர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, நீங்க ஈ.பி.ல இருந்தவங்க. எதுக்குக் கை தூக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று நான்கு தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். இன்ஜினியர் இல்லை. ஆனால் இந்த ஊரில் எந்தத் தெருவிளக்கு எந்த டிரான்ஸ்பார்மரில் இருந்து எரிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். தாளை இரண்டு முறை படித்தேன். அப்புறம் நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். இது அந்தக் கணக்குதான்.

தாளில் நான்கு வழி எழுதியிருந்தார்கள். ஆபீஸ், பஸ் ஸ்டாண்ட், சந்தை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் மாடிகளில் நகராட்சியே சொந்தப் பணத்தில் பேனல் போடுவது ஒன்று. அதே மாடிகளை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, அவர்கள் செலவில் போடச் சொல்லி, வருகிற கரண்டை யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வது இரண்டாவது. இதைத்தான் ரெஸ்கோ என்கிறார்கள். பேட்டரி வைத்த சோலார் தெருவிளக்கு மூன்றாவது. வெளியூரில் பெரிய நிலையம் ஒன்றில் பங்கு போட்டு, அங்கே உற்பத்தியாவதை இங்கே கணக்கில் வரவு வைப்பது நான்காவது.

நான்கிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஆற்றங்கரை நீரேற்று நிலையம். மோட்டார் ரூமை யாரும் கட்டடம் என்று நினைப்பதில்லை. "நகராட்சிக் கட்டடங்கள்" என்று தலைப்பு வைத்ததும் எல்லோர் மனதிலும் வந்தது கொடிக்கம்பம் உள்ள ஆபீஸ்தான். ஆனால் எந்த நகராட்சியின் கரண்ட் பில் கட்டை எடுத்து அடுக்கிப் பார்த்தாலும், பெரிய பங்கு குடிநீர் மோட்டாருக்குப் போகும். அடுத்தது தெருவிளக்கு. ஆபீஸும் பள்ளியும் கடைசியில்தான் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆபீஸில் நாற்பது ஃபேன், முப்பது டியூப் லைட், இருபது கம்ப்யூட்டர், நான்கு ஏ.சி. இருக்கிறது என்று வையுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு வேலை நாளில் 80 யூனிட் இழுக்கும். ஆற்றங்கரையில் 40 ஹெச்.பி. மோட்டார் ஒன்று. 30 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. அது ஒரு நாளில் 16 மணி நேரம் ஓடினால் 480 யூனிட். அதாவது ஆறு ஆபீஸ். அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, பொங்கல் விடுமுறையும் கிடையாது.

சரி, வெயில் பக்கம் வருவோம். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல், வருஷம் முழுக்க சராசரி பார்த்தால், நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் இன்னும் நிறைய வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.35 முதல் 0.4 பங்கு வரை உற்பத்தி குறையும். சித்திரை மதியத்தில் பேனலின் முதுகு 60 டிகிரியைத் தாண்டும்போது எட்டில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். அந்த விஷயத்தில் நம் ஊர்க் காற்று பெரிய உதவி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று பேனலைத் தடவிக் குளிர வைக்கும். ஆனால் அதே காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகவே தாங்கும் சட்டத்தில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. துருப் பிடிக்காத முழுக் கால்வனைஸ் சட்டம்தான் வேண்டும். கால்களுக்கு கான்கிரீட் பீடம் வேண்டும்.

இன்னொன்று, நெல்லைச் சீமைக்கே உரியது. எல்லா டெண்டர் தாளிலும் "தெற்கு பார்த்து" என்று எழுதுவார்கள். நாம் இருப்பது 8.7 டிகிரி வடக்கில். சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சிச் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆவணி நடுவில்தான் தெற்கே திரும்பும். ஆகவே கூரை வடக்குச் சரிவாக இருக்கிறது, கிழக்கு மேற்காக இருக்கிறது என்பதற்காக ஒரு கட்டடத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சரிவு 10 டிகிரி இருந்தால் போதும். அதுகூட மழையில் தூசி வழிந்து ஓடுவதற்காகத்தான்.

திசையைவிட நிழல் முக்கியம். எங்கள் ஆபீஸ் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மொத்தம் 3,000 சதுர அடி காலி இடம் என்று தாளில் போட்டிருக்கிறது. நேரில் பார்த்தால் கதை வேறு. கிழக்கு ஓரத்தில் வேப்பமரம் மாடி மேலேயே கவிந்து நிற்கிறது. மேற்கில் ஏ.சி. பெட்டிகள். காம்பவுண்டுக்குள்ளேயே தென்பக்கம் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. மாடி மட்டத்துக்கு மேல் அது 40 அடி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், மார்கழி மதியத்தில் அதன் நிழல் வடக்கே 25 அடி விழும். நேரே நம் பேனல் மேல். ஆனி மாதத்தில் நிழல் தெற்கே பத்தடிதான் போகும், தொந்தரவே இருக்காது. கோடையில் அளந்துவிட்டுப் போகிற ஆளுக்கு இது தெரியாது. பேனல்களை ஒரு சரமாகக் கோத்திருப்பார்கள். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அந்தச் சரமே தளரும். ஹோஸ் பைப்பை ஓர் இடத்தில் மிதித்தால் நுனியில் தண்ணீர் குறைகிற மாதிரி. நிழலுக்கும் நடைபாதைக்கும் விட்டது போக 2,000 சதுர அடி தேறினால் பெரிது. தரை வேறு தட்டோடு பதித்தது. அதில் டிரில் போட்டால் அடுத்த ஐப்பசியில் கீழே பிறப்பு இறப்புப் பதிவேடு நனையும். எடைக் கல் வைத்து நிறுத்தத்தான் வேண்டும்.

அந்த 2,000 சதுர அடியிலும் முழுக்கப் போட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். காரணம் மீட்டர். வீட்டுக்கு சோலார் போட்டவர்களுக்குப் பழகிய கணக்கு, பகலில் வெளியே அனுப்பிய யூனிட்டை ராத்திரி வாங்கிய யூனிட்டில் கழிப்பது. அலுவலகம் மாதிரியான சர்வீஸுக்கு, அதாவது மின் இணைப்புக்கு, அப்படியே அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே அனுப்பும் யூனிட்டுக்குத் தனி விலை போடும் முறை இருக்கிறது. அந்த விலை நாம் வாங்கும் விலையில் பாதிக்கும் கீழே இருக்கும். எங்கள் சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும் எந்தக் கணக்கு என்று மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு டெண்டருக்குப் போங்கள் என்று கவுன்சிலரிடம் சொன்னேன். பேனலின் அளவு சாங்ஷன் லோடை, அதாவது அந்த இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த கிலோவாட்டை, தாண்டக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இப்போது எண்களை வைத்துப் பார்க்கலாம். இவை நானாக எடுத்துக்கொண்ட விலைகள், ஒப்பிடுவதற்காக. வாங்கும் யூனிட் 8 ரூபாய். வெளியே போகும் யூனிட் 3 ரூபாய். கம்பெனி கேட்கும் விலை 5 ரூபாய். அமைக்கும் செலவு ஒரு கிலோவாட்டுக்கு 55,000 ரூபாய். டெண்டரில் உண்மையான விலை வந்ததும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், முறை அதேதான்.

ஆபீஸில் 15 கிலோவாட் போட்டால் செலவு 8.25 லட்சம். வருஷத்துக்கு 21,900 யூனிட் வரும். சனி, ஞாயிறில் ஆபீஸ் பூட்டியிருக்கும். ஆகவே ஏழில் இரண்டு பங்கு, அதாவது 6,250 யூனிட் வெளியே போகும். மீதி 15,650 யூனிட் உள்ளே செலவாகும். சொந்தப் பணத்தில் போட்டிருந்தால் வருஷத்துக்கு மிச்சம் ஏறத்தாழ 1.44 லட்சம். போட்ட பணம் திரும்ப ஐந்தே முக்கால் வருஷம்.

அதே 15 கிலோவாட்டை கம்பெனி போட்டால்? உள்ளே செலவான யூனிட்டுக்கு 3 ரூபாய் மிச்சம், 47,000 ரூபாய். வெளியே போன யூனிட்டுக்கு நாம் கம்பெனிக்கு 5 ரூபாய் கொடுத்து மின்வாரியத்திடம் 3 ரூபாய் வாங்குகிறோம், 12,500 ரூபாய் நஷ்டம். நிகரமாக 34,500 ரூபாய். முதலீடு இல்லாமல் வருவதால் அதுவும் லாபம்தான். ஆனால் இவ்வளவு சின்ன வேலைக்கு எந்தக் கம்பெனியும் 25 வருஷ ஒப்பந்தம் போட்டு வராது. பள்ளிக்கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். நல்ல வெயில் அடிக்கிற ஏப்ரல் கடைசி, மே மாதத்தில்தான் பள்ளிக்குப் பூட்டு.

ஆற்றங்கரையில் பாருங்கள். 40 ஹெச்.பி. மோட்டார் இரண்டு இருக்கும், ஒன்று ஓடும், ஒன்று மாற்று. அங்கே 40 கிலோவாட் பேனல். வெயில், தூசி, கம்பி இழப்பு எல்லாம் போக நடுப்பகலில் 30, 32 கிலோவாட் வரும். ஒரு மோட்டாரின் தீனி. நாளைக்கு 160 யூனிட், வருஷத்துக்கு 58,400. மோட்டார் பகலில் ஓடுகிற வரை ஏறத்தாழ எல்லா யூனிட்டும் உள்ளேயே செலவாகும். வருஷ மிச்சம் 4.67 லட்சம். செலவு 22 லட்சம். நான்கே முக்கால் வருஷத்தில் பணம் திரும்பும். அதற்கு அப்புறம், பேனல் கரண்டை லைன் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், மாற்றுகிற செலவு தவிர மீதிக் காலமெல்லாம் வருமானம். பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் போலத் தேயும், அவ்வளவுதான்.

ஒரு வருஷ வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். நான் ஆற்றங்கரையைச் சொல்வதற்குப் பெரிய காரணம் வேறு. சோலாரின் எல்லாச் சிக்கலும் பகலில் வருவதை ராத்திரிக்கு எடுத்து வைப்பதில்தான் இருக்கிறது. அதற்கு பேட்டரி வேண்டும். பேட்டரிதான் விலை, பேட்டரிதான் தலைவலி. குடிநீர் வேலையில் அந்தச் சிக்கலே இல்லை. பகல் வெயிலில் மோட்டாரை ஓட்டித் தண்ணீரை மேலே ஏற்றிவிட்டால், மறுநாள் காலை ஐந்து மணிக்கு அது தெருக்குழாயில் தானாக இறங்கி வரும். மேல்நிலைத் தொட்டிதான் பேட்டரி. அது ஏற்கெனவே கட்டி நிற்கிறது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம். இப்போது பல ஊர்களில் ராத்திரி முழுக்க மோட்டார் ஓடுகிறது, பகலில் ஆபரேட்டர் தூங்குகிறார். ஓடுகிற 16 மணி நேரத்துக்குள் காலை எட்டு முதல் மாலை நாலு வரை கட்டாயம் வருகிற மாதிரி நேரத்தைத் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது. தொட்டி கொள்ளளவு போதுமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஆற்றங்கரையில் பயப்பட வேண்டியது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தெரியாமல் போனது. ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் மோட்டார்களும் மூழ்கி, சுற்றிலும் வெள்ளம் இருந்தும் குழாயில் தண்ணீர் இல்லாமல் மக்கள் குடத்தோடு நின்றார்கள். ஆகவே ஆற்றுப் படுகையை ஒட்டித் தரையில் பேனல் போடுவது கூடவே கூடாது. அந்த வெள்ளம் தொட்ட கோடு மோட்டார் ரூம் சுவரில் இன்னும் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேல் நான்கடி விட்டு இன்வெர்ட்டரும், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியும் இருக்க வேண்டும். மேட்டில் பம்பிங் சம்ப், அதாவது தண்ணீர் சேர்த்து ஏற்றும் தரைத் தொட்டி, இருக்கிற ஊர்களில் வேலை சுலபம், அந்தக் காம்பவுண்டிலேயே 20 சென்ட் கிடைத்தால் 40 கிலோவாட் உட்காரும். ஜெனரேட்டர் உள்ள இடமாக இருந்தால், அது ஓடும்போது சோலார் திருப்பித் தள்ளாதபடி கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் கெட்டுப்போகும்.

கவுன்சிலர் கேட்ட முதல் கேள்வி இங்கேதான் வருகிறது. "கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும்லா அண்ணாச்சி?" ஓடாது. லைனோடு சேர்ந்து ஓடும் சோலார், லைன் செத்ததும் தானும் நின்றுவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. எல்.சி., அதாவது லைனை நிறுத்தி வேலை பார்க்கிற அனுமதி, வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தேன். கீழே ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியில்லை. ஜெனரேட்டர் கரண்ட் திரும்பி லைனில் ஏறிவிட்டது, ரிட்டர்ன் சப்ளை என்போம். லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போட்டிருந்ததால் பிழைத்தேன். கைக்கு முன்னால் ஒரு பொறி, காதில் ஒரு வெடி, அவ்வளவுதான் நினைவு இருக்கிறது. அதனால் யாராவது "கரண்ட் போனாலும் ஓடுகிற மாதிரி செட்டிங்கை மாத்தித் தாரேன்" என்று சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பத்தில் நிற்பவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கரண்ட் போனாலும் ஓடியே ஆக வேண்டிய இடம் நகராட்சியில் ஒன்று இருக்கிறது: ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். அங்கே மட்டும், லைன் இல்லாதபோது பேட்டரியில் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வைத்து 5 கிலோவாட் போடலாம். முக்கியமான சுற்றுகளைத் தனியாகப் பிரித்து அதில் கொடுக்க வேண்டும். இதற்கு லாப நஷ்டம் பார்க்கக் கூடாது.

தெருவிளக்கு விஷயத்தை நீட்டி எழுத ஒன்றும் இல்லை. கம்பத்துக்கு ஒரு பேனல், ஒரு பேட்டரி என்று போட்டால் மூன்று நான்கு வருஷத்தில் பேட்டரி சாகும், அதற்கு முன்னாலேயே சில திருட்டுப் போகும். லைன் ஓடுகிற தெருவில் நல்ல எல்.இ.டி. விளக்கும் ஒழுங்காக அணைகிற டைமரும் போதும். லைன் எட்டாத சுடுகாட்டுப் பாதை, படித்துறை மாதிரி இடங்களுக்கு மட்டும் சோலார் விளக்கு வைக்கலாம்.

வெளியூர் நிலையத்தில் பங்கு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இந்தூர் மாநகராட்சி 2023-இல் பசுமைப் பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டி, நர்மதைத் தண்ணீரை ஏற்றும் செலவுக்காக 60 மெகாவாட் நிலையத்தில் இறங்கியது. அவர்களும் முதலில் கை வைத்தது குடிநீர் மோட்டார் பில்லில்தான் என்பதைக் கவனியுங்கள். நம் தமிழ்நாட்டிலேயே மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வைத்தது. ஓர் ஊராட்சி செய்ததை நகராட்சி செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும். கயத்தாறில் இருந்து ராதாபுரம், முப்பந்தல் வரை காற்றாடி சுற்றுகிற நாட்டில்தான் நாம் இருக்கிறோம். ஆனால் காற்று வைகாசிக் கடைசியில்தான் எடுக்கும். ஆறு வற்றி மோட்டார் அதிக நேரம் ஓடுவது சித்திரையில். ஒரு மாத யூனிட்டை இன்னொரு மாதத்துக்கு எடுத்து வைக்கிற விதி, லைனில் கொண்டுவருகிற கட்டணம் எல்லாம் அடிக்கடி மாறும். இதைப் பின்தொடர எங்கள் நகராட்சியில் ஆள் கிடையாது. இரண்டு மூன்று நகராட்சியும் பேரூராட்சிகளும் சேர்ந்தால் ஒரு நாள் யோசிக்கலாம். இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம்.

ரெஸ்கோவை நான் முழுக்கத் தள்ளவில்லை. வாரம் ஏழு நாளும் பகலில் கரண்ட் செலவாகும் பஸ் ஸ்டாண்டுக்கும் தினச் சந்தைக்கும் அது நல்ல வழி. தனியாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதால், அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு நகராட்சிகளும், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி மாதிரி பேரூராட்சிகளும் ஒரே டெண்டராகக் கேட்க வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாட்டா பவரின் 4.3 கிகாவாட் தொழிற்சாலையில் பேனல் தயாராகிறது. இந்த மாவட்டத்தில் பேனலுக்குப் பஞ்சம் இல்லை, அமைக்கத் தெரிந்த பையன்களுக்கும் பஞ்சம் இல்லை. ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் குறைந்தபட்சம் என்று இருக்க வேண்டும். குறைந்தால் அவர்கள் ஈடு கட்ட வேண்டும். கூரையைப் பழுது பார்க்க வேண்டி வந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்று எழுத வேண்டும். யூனிட் விலை வருஷா வருஷம் ஏறுமா என்பதைத் தடித்த எழுத்தில் கேளுங்கள். நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. மாதா மாதம் பணம் கொடுக்காத நகராட்சிக்கு எந்தக் கம்பெனியும் பேனல் கழுவ ஆள் அனுப்பாது.

கழுவுவது என்று சொன்னேன். இந்த விஷயத்தில் என் மனதில் இருக்கிற முக்கியமான கவலையே அதுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், கரண்ட் வேலையாகப் போயிருந்தேன். மாடியில் சோலார் இருக்கிறது, ஓடவில்லை, பாருங்கள் என்றார்கள். மாடிக் கதவுக்குச் சாவி இல்லை. வைத்திருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார். பூட்டை உடைத்து ஏறினோம். பேனல் மேல் வேப்பிலைச் சருகும் புறா எச்சமும் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. படிக்கட்டுக்குக் கீழே பத்து பேட்டரி. ஒன்றின் மூடியைத் திருகினேன், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை, தகடு வெள்ளையாகப் பொரிந்திருந்தது. முனைகளில் பச்சைப் பூஞ்சை மாதிரிக் களிம்பு. திறந்து வைத்த நாளின் கல்வெட்டு மட்டும் கீழே வாசலில் பளபளவென்று இருந்தது. எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. அது யாரோ கட்டிய வரிப்பணம்.

அதனால் சொந்தப் பணத்தில் போடும் வேலைக்கு நான் ஒரு நிபந்தனை வைப்பேன். டெண்டரிலேயே ஐந்து வருஷப் பராமரிப்பு சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல், வருஷ மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனித் தலைப்பில் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும், வேறு எதற்கும் எடுக்காமல். சுயஉதவிக் குழுப் பெண்கள் இருவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் பேனல் துடைக்கிற வேலையை அருமையாகச் செய்வார்கள். என் வீட்டில் 3 கிலோவாட் இருக்கிறது. 12 யூனிட் வந்துகொண்டிருந்தது மாசி, பங்குனித் தூசியில் 9 யூனிட்டுக்கு இறங்கியது. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, கண்ணாடி சூடேறுவதற்கு முன்னால், மென்மையான துணி போட்டு நானும் என் பேரனும் துடைத்தோம். அன்றைக்கு சாயங்காலம் மீட்டரில் 12. பேரன் ஓடி ஓடி வந்து மீட்டரைப் பார்த்தான். துடைக்க ஆற்றுத் தண்ணீர்தான் நல்லது. போர்த் தண்ணீரின் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், அப்புறம் சுரண்டினாலும் போகாது. நீரேற்று நிலையத்தில் பேனல் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. ஆற்றுத் தண்ணீரும் அங்கேயே இருக்கிறது, மூன்று ஷிப்ட்டுக்கு ஆபரேட்டரும் அங்கேயே இருக்கிறார். ஆபீஸ் மாடிக்கு யார் ஏறுவார்?

பணம் எங்கே என்று கவுன்சிலர் கேட்டார். வீட்டுக்கு சோலார் போட 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், வீடுகளுக்கு மட்டும்தான். நகராட்சிக்கு அது கிடையாது. ஆனால் மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே வரும். மோட்டாருக்கு சோலார் வைப்பதை அதில் செய்ய முடியுமா என்று ஆணையரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். ஆபீஸ் மாடிக்கு என்று கேட்டால் அந்த வாசலே கிடையாது.

கடைசியில் அவரிடம் தீர்மானத்தில் ஒரு திருத்தம் கொடுக்கச் சொன்னேன். "கட்டடங்கள்" என்பதற்குப் பக்கத்தில் "நீரேற்று நிலையங்கள் மற்றும்" என்று சேர்க்க வேண்டும். இந்த வருஷம் ஆற்றங்கரைக்கு 40 கிலோவாட், சொந்தப் பணத்தில். சுகாதார நிலையத்துக்கு 5 கிலோவாட், பேட்டரியோடு. பஸ் ஸ்டாண்டும் சந்தையும் பக்கத்து ஊர்களோடு சேர்ந்த ரெஸ்கோ டெண்டரில். ஆபீஸுக்கு 15 கிலோவாட், மோட்டார் மிச்சம் பண்ணிய பணத்தில், இரண்டு வருஷம் கழித்து. பள்ளிக்கூடத்துக்கு இப்போதைக்கு குறைந்த கரண்டில் ஓடும் நல்ல பி.எல்.டி.சி. ஃபேன் மாற்றிக் கொடுங்கள், பிள்ளைகளுக்குக் காற்றும் வரும், ஃபேன் இழுக்கும் கரண்டும் பாதியாகும்.

அவர் தாளில் குறித்துக்கொண்டார். "தலைவர் ஆபீஸ் மாடியில போட்டா எல்லாருக்கும் தெரியும்னு சொல்லுதாரே, அண்ணாச்சி" என்றார். குழாயில் தண்ணீர் வருவதும் எல்லாருக்கும் தெரியும் என்று சொன்னேன். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் மாடியில் தொட்டி நிழலைச் சாக்பீஸால் கோடு போடப் போகிறோம். பன்னிரண்டுக்கு ஒரு கோடு, மூன்றுக்கு ஒரு கோடு. மாடிச் சாவியை வெள்ளிக்கிழமையே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.